காம்பஸில் திரவம் குறைந்தால்

சிறிய விமானத்தின் முன்கண்ணாடிக்கு நடுவே, டேஷ்போர்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் காம்பஸை இப்போது யாரும் அதிகம் பார்ப்பதில்லை. செஸ்னா 172-இல் ஏறும் பயிற்சி மாணவரின் கண்ணில் அது படுவது, பெரும்பாலும் கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு காற்றுக்குமிழி தெரியும் அன்றைக்குத்தான். "கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். விட்டால் சரியாகத்தான் ஆகும், சில வாரங்களுக்கு. இறுக்கி மூடிய கிண்ணத்திலிருந்து திரவம் எந்த வழியாகப் போனது என்று பார்க்காமல் மேலும் ஊற்றினால், ஊற்றியதும் அதே வழியாகப் போய்விடும். அதனால் இந்த அத்தியாயத்தில் ஊற்றும் முறையைவிட, ஊற்றுவதற்கு முன்பு பார்க்க வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஜிபிஎஸ் இருக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, ஜிபிஎஸ் சொல்வது விமானம் நகர்ந்துகொண்டிருக்கும் திசையை. மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அல்ல. பக்கக்காற்று பலமாக அடிக்கும்போது இரண்டுக்கும் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் வரலாம். இரண்டாவது, பேனலில் இருக்கும் கைரோ திசைமானி தானாகவே மெல்ல மெல்ல நழுவும். அதைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காம்பஸைப் பார்த்துத் திருத்த வேண்டும் என்றுதான் எல்லாப் பயிற்சிப் பள்ளிகளிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். காம்பஸ் எட்டு டிகிரி பொய் சொன்னால், திருத்தியபிறகு கைரோவும் அதே எட்டு டிகிரி பொய்யைச் சொல்லும். மின்சாரமும் வேக்குவம் பம்பும் போன பிறகும் வேலை செய்யும் திசைக்கருவி இது ஒன்றுதான் என்பதை விமானிகளிடம் சொல்ல வேண்டியதில்லை.

கிண்ணத்துக்குள்ளே

உள்ளே அதிகமான பொருள்கள் கிடையாது. ஒரு சிறிய மிதவை, அதன் அடியில் இணையாகப் பொருத்திய இரண்டு காந்தப் பட்டைகள், மிதவையைச் சுற்றி எண்கள் எழுதிய வளையம். மிதவையின் நடுவில் கெட்டிப்படுத்திய எஃகு ஊசி ஒன்று இருக்கும். அதன் முனை, ஸ்பிரிங் மேல் அமர்ந்திருக்கும் கடினமான கண்ணாடிக் கல்லின் குழியில் நிற்கும். பழைய கைக்கடிகாரத்தின் மூடியில் "17 ஜுவல்ஸ்" என்று போட்டிருப்பார்களே, அந்தக் கற்கள் செய்யும் வேலைதான் இதற்கும். மிதவை சுழலலாம், சாயவும் செய்யலாம். விமானம் ஏறத்தாழ 18 டிகிரி வரை சாய்ந்தாலும் வளையம் கிண்ணத்தில் உரசாது.

இத்தனையும் மண்ணெண்ணெய் போன்ற தெளிந்த திரவத்தில் மூழ்கியிருக்கின்றன. திரவம் மிதவையின் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது; ஊசிமுனைக்குப் போவது மிச்சம் மட்டுமே. வளையம் ஆடாமல் அடக்குவதும், முனை கல்லில் தேயாமல் வழுக்கலாக வைத்திருப்பதும் அதே திரவம்தான். எனவே பாதி காலியான காம்பஸோடு பறப்பது, ஆடும் எண்ணைப் படிக்கிற தொல்லையோடு முடிவதில்லை. தாங்க ஆளில்லாத மிதவை ஒவ்வொரு அதிர்விலும் ஊசிமுனையைக் கல்லில் இடிக்கிறது. முனை மழுங்கிவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல திரவம் ஊற்றினாலும் பயனில்லை.

கிண்ணத்தின் பின்பக்கம் ஒரு டயாஃபிரம் இருக்கும். சில மாடல்களில் ரப்பர்த் தகடு, சிலவற்றில் மடிப்புகள் கொண்ட உலோகத் துருத்தி. இது ஏன் அவசியம் என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். மண்ணெண்ணெய் வகைத் திரவம் 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு சதவீதம் பெருகும். 100 மில்லி பிடிக்கும் காம்பஸ் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் 22 டிகிரியில் இருந்த விமானம், மதியம் மூடிய காக்பிட்டில் 62 டிகிரிக்குப் போகிறது. திரவம் 4 மில்லி பெருகியாக வேண்டும். அந்த 4 மில்லிக்கு இடம்கொடுப்பது டயாஃபிரம். அது காய்ந்து விறைத்துப்போனால் அழுத்தம் வேறு வழி தேடும். கேஸ்கெட்டின் ஓரத்தில் கசியும். இரவில் குளிர்ந்ததும் திரவம் சுருங்கி, வெளியே போனதற்குப் பதிலாக அதே ஓரம் வழியாகக் காற்று உள்ளே வரும். குமிழி பிறப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

கசிவைத் தேடுதல்

குமிழியைக் கண்டதும் ஸ்குரூடிரைவரை எடுக்காமல், முதலில் விரலால் தடவிப் பாருங்கள். முன்கண்ணாடியின் விளிம்பு, கேஸ்கெட் உட்காரும் இடம், நிரப்புத் துளையின் திருகு, விளக்கின் ஒயர் நுழையும் இடம். கசிந்த திரவம் ஆவியாகிவிட்டாலும் அங்கே தூசி ஒட்டி, கறுத்த பிசுபிசுப்பான கோடாக நிற்கும். காம்பஸுக்கு நேர் கீழே டேஷ்போர்டின் மேல்தோலில் நிறம் மாறிய வட்டம் இருந்தால் கசிவு பழையது. காக்பிட் கதவைத் திறந்ததும் லேசான மண்ணெண்ணெய் வாடை வந்தால் புதியது.

தரையில் மிளகளவு தெரியும் குமிழி மேலே போனால் பெரிதாகும். 8,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டயாஃபிரம் அந்த அழுத்தக் குறைவைத் திரவத்துக்கும் கடத்துவதால், குமிழி மூன்றில் ஒரு பங்கு வரை உப்பும். தரையில் நன்றாக இருந்த காம்பஸ் மேலே ஆடுகிறது என்று விமானி புகார் எழுதினால், அவர் கற்பனை செய்யவில்லை.

திரவத்தின் நிறத்தையும் பாருங்கள். புதியது தண்ணீர்போல் இருக்கும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால், உள்ளே ரப்பரோ பெயின்ட்டோ கரைந்துகொண்டிருக்கிறது. சின்னத் துகள்கள் மிதந்தால் வளையத்தின் வண்ணம் உரிகிறது. இந்த நிலையில் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவதில் அர்த்தமே இல்லை. முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஊசிமுனைச் சோதனையைத் திரவம் இன்னும் இருக்கும்போதே செய்துவிடுங்கள். விமானம் அசையாமல் நிற்கட்டும். காம்பஸின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு சிறிய காந்தத்தை வலப்பக்கம் கொண்டுவந்து வளையத்தைக் கொஞ்சம் இழுத்து, காந்தத்தைச் சட்டென்று தூரமாக எடுத்துவிடுங்கள். வளையம் ஆடி அடங்கும் எண்ணைக் குறியுங்கள். பிறகு இடப்பக்கத்திலிருந்து அதேபோல். இரண்டு முறையும் ஒரே எண்ணில் வந்து நின்றால் முனையும் கல்லும் நலம். ஒவ்வொரு பக்கமிருந்தும் ஒவ்வொரு எண்ணில் நின்று, விரலால் தட்டினால் மட்டும் நகர்ந்தால், முனை தேய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட காம்பஸைப் பிரித்துத் திரவம் மாற்றுவது வீண் செலவு. பழுதுபார்த்த மாற்றுக் காம்பஸ் ஒன்றை வாங்குவதே மேல். முனையைத் தீட்டிக் கூர்மையாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது கருவிப் பட்டறையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் செய்கிற வேலை.

யார் கை வைக்கலாம்

அமெரிக்க விதிகளில் இது தெளிவாக இருக்கிறது, ஆனாலும் ஹேங்கர்தோறும் வாக்குவாதம் ஓயவில்லை. பகலில் கண்பார்வை விதிகளின்படி பறக்கவே காம்பஸ் கட்டாயம் என்கிறது கூட்டாட்சி விதி 91.205. விமான மெக்கானிக்கின் உரிமைகளைச் சொல்லும் 65.81, கருவிகளைப் பழுதுபார்ப்பதை அவருடைய அதிகாரத்திலிருந்து விலக்குகிறது. காம்பஸைக் கழற்றலாம், மாட்டலாம், அதன் திருத்தத் திருகுகளைச் சரிசெய்யலாம். கிண்ணத்தைத் திறந்து உள்ளே வேலை செய்வது அங்கீகாரம் பெற்ற கருவிப் பட்டறையின் வேலை. சான்றிதழ் பெற்ற செஸ்னா, பைப்பர் போன்றவற்றுக்கு இதுதான் நிலை. இந்தியாவில் டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள பராமரிப்பு நிறுவனத்திடம் கொடுத்து, அவர்களிடமிருந்து சான்றோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்தமாகக் கட்டிய சோதனைவகை விமானம் வைத்திருப்பவரின் கதை வேறு. அமெரிக்காவில் அப்படிப்பட்ட விமானத்தின் காம்பஸை உரிமையாளரே பிரிக்கலாம். இனி வரும் பகுதி அவருக்காகவும், பட்டறையில் பழகும் மாணவருக்காகவும். சான்றிதழ் விமானத்தின் உரிமையாளரும் படிக்கலாம். பட்டறைக்காரர் கொடுக்கும் பில்லில் டயாஃபிரம் இருக்கிறதா என்று பார்க்கவாவது உதவும்.

எந்தத் திரவம்

விமானக் காம்பஸுக்கென்றே விற்கும் திரவம்தான் வேண்டும். அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பு எம்ஐஎல்-எல்-5020 என்று புட்டியில் போட்டிருக்கும். விமான உதிரிபாகக் கடைகளில் சிறு புட்டிகளாகக் கிடைக்கிறது. விலை உறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பதிலாகச் சிலர் ஊற்றுவதைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்திருக்கிறது. சாயம் வளையத்தில் ஏறும். சாயமில்லாத மண்ணெண்ணெயிலும், ஜெட் விமான எரிபொருளிலும் அரோமாட்டிக் எனப்படும் சேர்மங்கள் இருக்கும். இவை ரப்பரை ஊதவைத்து, பெயின்ட்டைக் கரைக்கும். குழந்தைகளுக்குத் தடவும் மினரல் ஆயில் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் பாகுத்தன்மை அதிகம். குளிரில் அது இன்னும் கெட்டியாக, விமானம் திரும்பி முடித்து நெடுநேரம் கழித்தே வளையம் திரும்பி முடிக்கும். பழைய காம்பஸ்களிலும் சில படகுக் காம்பஸ்களிலும் ஆல்கஹால் கலந்த திரவம் இருக்கும். அதோடு மண்ணெண்ணெய் வகைத் திரவத்தைக் கலந்தால் இரண்டும் சேராமல் கலங்கி நிற்கும். உள்ளே இருப்பது எதுவென்று சந்தேகமானால் முழுவதும் வடித்துவிடுங்கள்.

எந்தத் திரவமானாலும் எரியக்கூடியது. காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாமல் வேலை செய்யுங்கள்.

கழற்றுதல், பிரித்தல்

கழற்றுவதற்கு முன்பு புகைப்படம் எடுங்கள். விளக்கின் ஒயர் எப்படிப் போகிறது, எந்தத் திருகு எங்கே இருந்தது, திருத்தத் திருகுகளின் நிலை என்ன, எல்லாமே தெரிய வேண்டும். விளக்குக்குப் போகும் இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும். அழகுக்காக அல்ல, போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் உண்டாக்கும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. திரும்ப மாட்டும்போது முறுக்கைப் பிரித்துவிடாதீர்கள்.

காம்பஸைப் பிடித்திருக்கும் திருகுகள் பித்தளையாகவோ அலுமினியமாகவோ இருக்க வேண்டும். முன்பு யாரோ தொலைத்துவிட்டு இரும்புத் திருகு போட்டிருந்தால், பல நாள் மர்மம் ஒன்று அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். எவர்சில்வர் திருகையும் நம்பிவிடாதீர்கள். நல்ல ரகம் காந்தத்தில் ஒட்டாதுதான், ஆனால் குளிர்நிலையில் அடித்து உருவாக்கும்போது சில திருகுகளுக்குக் காந்தத்தன்மை லேசாக ஏறிவிடுகிறது. ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கிண்ணத்தைக் கவிழ்த்துத் திரவத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வடியுங்கள். அளவு எவ்வளவு என்று குறித்துக்கொள்வது நல்லது. புதிதாக ஊற்றும்போது உதவும். முன்மூடியின் திருகுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், எதிரெதிர்த் திருகுகளாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். மூடி வந்ததும் மிதவையைக் கண்டபடி தொடாதீர்கள். வளையத்தின் ஓரத்தை இரண்டு விரல்களால் பிடித்து நேராகத் தூக்கி, ஊசிமுனை எதிலும் படாமல் பஞ்சின் மேல் வைத்துவிடுங்கள். காந்தப் பட்டைகளின் அருகே இரும்புக் கருவி எதுவும் போகக்கூடாது. ஒலிபெருக்கி இருக்கும் மேசையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

உட்புறத்தைச் சுத்தம் செய்யப் புதிய காம்பஸ் திரவத்தையே பயன்படுத்துங்கள். பழைய கேஸ்கெட்டின் மிச்சம் ஒட்டியிருந்தால் மரக்குச்சியால் சுரண்டுங்கள். உலோகத்தகடு கீறிவிட்டால் அந்தக் கீறலே அடுத்த கசிவு. அசிட்டோன், தின்னர் பக்கம் போகவே வேண்டாம். கிண்ணத்தின் கண்ணாடி நிஜக் கண்ணாடியாக இல்லாமல் அக்ரிலிக்காக இருந்தால், நொடியில் மெல்லிய விரிசல்கள் விழுந்து பால்நிறமாகிவிடும். விமானத்தின் முன்கண்ணாடிக்கும் இதே எச்சரிக்கை.

பிறகு டயாஃபிரமும் கேஸ்கெட்டும். எல்லா மாடல்களுக்கும் இரண்டும் சேர்ந்த பழுதுபார்ப்புப் பொட்டலம் கிடைப்பதில்லை. ஆனால் ஏர்பாத் போன்ற பரவலான வகைகளுக்குக் கிடைக்கிறது. பழையது பார்க்க நன்றாக இருக்கிறதே என்று திரும்பப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய ரப்பரை வில்லாக வளைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் முடிபோன்ற வெடிப்புகள் தெரியும். அத்தனை சிரமப்பட்டுத் திறந்தபிறகு, திறப்பதற்குக் காரணமான பொருளையே மறுபடி உள்ளே வைப்பதை என்னவென்று சொல்வது?

மூடும்போதும் எதிரெதிர்த் திருகுகள், சிறிது சிறிதாக. கேஸ்கெட் சமமாக அழுந்தியதும் நிறுத்துங்கள். கசியக்கூடாது என்று முழு பலத்தோடு முறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கி வெளியே வரும், அல்லது கிண்ணத்தின் காது உடையும்.

நிரப்புதல்

அவசரப்பட்டால் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். வேலையை நேர்த்தியாகச் செய்ய ஒரு மாலையும் ஓர் இரவும் வேண்டும்.

திரவமும் காம்பஸும் ஒரே அறை வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். குளிர்ந்த திரவத்தை விளிம்புவரை நிரப்பி மூடினால், மதிய வெயிலில் டயாஃபிரம் போகக்கூடிய தூரத்தையும் தாண்டிப் பெருகும். சூடான திரவத்தை நிரப்பினால் குளிர்ந்ததும் குமிழி காத்திருக்கும். 25 டிகிரியை ஒட்டி, டயாஃபிரம் உள்ளேயும் வெளியேயும் நகர இடம் இருக்கும் நடுநிலையில், நிரப்புவது நல்லது.

காம்பஸை நிரப்புத் துளை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்படி சாய்த்து நிறுத்துங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சிரிஞ்சில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, அதன் நுனியைக் கிண்ணத்தின் அடிவரை இறக்கி, மெதுவாகத் தள்ளுங்கள். மேலிருந்து கொட்டினால் திரவம் தெறித்து, நுண்ணிய காற்றுக் குமிழிகள் கலந்துவிடும்; பிறகு அவை ஒன்று சேர்ந்து மேலே வர மணிக்கணக்காகும்.

நிரம்பிவிட்டது என்று தோன்றும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். மிதவையின் அடிப்பக்கக் குழிவில், விளக்கு உட்காரும் பள்ளத்தில், கேஸ்கெட்டின் மேல்மடிப்பில் காற்று ஒளிந்திருக்கும். துளையை விரலால் மூடிக்கொண்டு காம்பஸை முன்னும் பின்னும், இடமும் வலமும் மெதுவாகச் சாய்த்து, மறுபடி துளையை மேலே கொண்டுவாருங்கள். ஒரு குமிழி வெளியேறும். அந்த இடத்துக்குத் திரவம் சேருங்கள். திரும்பவும் சாய்த்துப் பாருங்கள். குமிழி வருவது நின்றபிறகு, துளையின் மேல் சுத்தமான துணியைப் போட்டு இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் திரவமட்டம் சற்று இறங்கியிருக்கும். திரவத்தில் கரைந்திருந்த காற்றும் ஒட்டிக்கொண்டிருந்த குமிழிகளும் மேலே வந்துவிட்டன என்று அர்த்தம். மிச்சத்தை நிரப்பி, புது வாஷர் போட்டுத் திருகை மூடுங்கள். கருவிப் பட்டறைகளில் வேக்குவம் அறைக்குள் வைத்து இந்தக் காற்றைச் சில நிமிடங்களில் இழுத்துவிடுகிறார்கள். நமக்குப் பொறுமைதான் வேக்குவம்.

உடனே விமானத்தில் மாட்டிவிடாதீர்கள். காம்பஸைத் துடைத்து, வெள்ளை டிஷ்யூ தாளில் வைத்து, ஒரு பகல் வெயிலில் காயட்டும். இரவில் குளிரட்டும். மறுநாள் தாளில் கறை இல்லை, கண்ணாடிக்குள்ளே குமிழி இல்லை என்றால் மாட்டலாம். கறை தெரிந்தால் அது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இறுக்கம் குறைந்த ஒரு திருகோ மடிந்துபோன கேஸ்கெட்டோதான் காரணமாக இருக்கும்.

காம்பஸ் ஸ்விங்

கழற்றி மாட்டிய காம்பஸ், முன்பு எழுதிவைத்த விலகல் அட்டையை மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. விமானத்தின் எஞ்சின், இரும்புக் குழாய்கள், ரேடியோ, ஒயர்கள் எல்லாமே ஆளுக்குக் கொஞ்சம் அதை இழுக்கும். அதை அளந்து, முடிந்தவரை திருத்தி, மிச்சத்தை எழுதி ஒட்டுவதுதான் ஸ்விங்.

விமான நிலையத்தில் காம்பஸ் ரோஸ், அதாவது காந்த வடக்கை ஒட்டித் திசைகளைக் குறித்த வட்டம், தரையில் வரைந்திருந்தால் நல்லது. இல்லையென்றால் இரும்புக் கட்டடம், தண்டவாளம், நிலத்தடிக் கேபிள், மற்ற விமானங்கள் எதுவும் அருகில் இல்லாத சமதளம் வேண்டும். ரோஸ் எப்போது வரைந்தது என்று கேட்டுப் பாருங்கள். பூமியின் காந்த வடக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் நகர்கிறது. முப்பது வருடத்துக்கு முந்திய ரோஸை நம்பித் திருத்தினால் அந்த நகர்வும் உங்கள் அட்டையில் ஏறிவிடும்.

விமானம் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும். வால்சக்கர விமானமானால் வாலைத் தூக்கி முட்டுக்கொடுங்கள். பைகள், கருவிப்பெட்டி வெளியே. காந்தம் வைத்த மொபைல் தாங்கியும் டேப்லெட் உறையும் கட்டாயம் வெளியே. பறக்கும்போது அவை இருக்கத்தான் போகின்றன என்றால், அந்தத் தாங்கியை நிரந்தரமாகக் குப்பையில் போட்டுவிடுங்கள். எஞ்சின் ஓடட்டும், ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரட்டும், ரேடியோக்கள் வழக்கம்போல் இயங்கட்டும். வெளியே நிற்பவர் புரொப்பெல்லரின் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது. இதைத் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

முதலில் திருத்தத் திருகுகள் இரண்டையும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று வடக்கு-தெற்கு, மற்றது கிழக்கு-மேற்கு. விமானத்தை வடக்கே நிறுத்துங்கள். காம்பஸ் 352 காட்டினால், வடக்கு-தெற்குத் திருகைத் திருப்பி 360-க்குக் கொண்டுவாருங்கள். கிழக்கே திருப்பி, கிழக்கு-மேற்குத் திருகால் 090 ஆக்குங்கள். தெற்கே நிறுத்தும்போது 188 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது முழுப் பிழையையும் நீக்கக் கூடாது. பாதியை மட்டும் நீக்கி 184-இல் விடுங்கள். முழுவதையும் நீக்கினால் அது வடக்கில் போய் உட்காரும். மேற்கிலும் பாதிதான்: 264 காட்டினால் 267. அதன்பிறகு திருகுகளைத் தொடக்கூடாது.

இனி 30 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி, பன்னிரண்டு திசைகளிலும் காம்பஸ் காட்டுவதை எழுதுங்கள். ரேடியோ இயங்கும்போது ஒன்று, நிறுத்தியபோது ஒன்று. எந்தத் திசையிலும் பிழை 10 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது சிறிய விமானங்களுக்கு வழக்கமான வரம்பு. தாண்டினால் திருகோடு மல்லுக்கட்டாமல் காரணத்தைத் தேடுங்கள். சிறிய பாக்கெட் காம்பஸ் ஒன்றை முன்கண்ணாடிச் சட்டம், அருகிலுள்ள குழாய்கள், திருகுகள் வழியாக மெதுவாக நகர்த்தினால், காந்தமேறிய இடத்தில் அதன் முள் துள்ளும். இரும்புக்குழாய்ச் சட்டம் கொண்ட விமானங்களில், பக்கத்தில் வெல்டிங் செய்தாலோ மின்னல் தாக்கினாலோ சட்டமே காந்தமாகிவிடுவதுண்டு. அதைக் காந்தநீக்கிக் கருவியால்தான் சரிசெய்ய முடியும்.

திருகுகளைத் திருப்பும் ஸ்குரூடிரைவர் பித்தளையாக இருக்கட்டும். சாதாரண ஸ்குரூடிரைவரின் நுனி காம்பஸுக்கு அருகில் போன மாத்திரத்தில் வளையம் ஆடும். நீங்கள் அளப்பது ஸ்குரூடிரைவரைத்தான்.

வளையம் சாய்ந்து நின்றால்

திரவம் நிரம்பியிருக்கிறது, குமிழி இல்லை, ஆனாலும் வளையம் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்றால் கோளாறு கிண்ணத்தில் இல்லாமல் போகலாம். வட அரைக்கோளத்தில் காந்தத்தின் வடமுனை பூமியை நோக்கிக் கீழே இழுக்கப்படும். அமெரிக்காவின் நடுப்பகுதியில் இந்தச் சாய்வு 60 டிகிரிக்கும் மேல். அதை ஈடுகட்டத் தயாரிப்பாளர் மிதவையின் தென்பக்கத்தைச் சற்றுக் கனமாக்கிச் சமன்செய்கிறார். அந்தக் காம்பஸ் தமிழ்நாட்டுக்கு வந்தால் இழுப்பு கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்கக் காரணமே அதுதான். சென்னையில்கூடச் சாய்வு பத்து டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆக, இழுப்பு போனபிறகும் எடை மிச்சமிருப்பதால் வளையத்தின் தென்பக்கம் தாழ்கிறது. எண்ணைப் படிக்க முடிகிறது, வளையம் உரசவில்லை என்றால் விட்டுவிடலாம். உரசினால் நம் பகுதிக்கென்று சமன்செய்த காம்பஸ்தான் வேண்டும். திரவத்தைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை. இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு: திரும்பும்போதும் வேகம் கூட்டும்போதும் காம்பஸ் காட்டும் பொய்கள் இந்தச் சாய்விலிருந்துதான் பிறக்கின்றன என்பதால், பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்த அந்தப் பிழைகள் மதுரை வானில் மிகக் கொஞ்சமாகத்தான் தெரியும்.

மாற்றிவிடலாமா

முனை தேய்ந்தது, கிண்ணம் விரிசல் விட்டது, டயாஃபிரம் கிடைக்கவில்லை என்றால் வேறு காம்பஸுக்குப் போவதே சரி. திரவமே இல்லாத செங்குத்து வளையக் காம்பஸ்கள் இருக்கின்றன. சுழல் மின்னோட்டத்தால் ஆட்டத்தை அடக்குபவை. கசிவு என்ற பேச்சே இல்லை, எண்களும் கைரோ திசைமானியைப்போல் நேராகத் தெரியும். ஆனால் அவற்றுக்குள் பற்சக்கரங்களும் தாங்கிகளும் உண்டு. அதிர்வு அதிகமுள்ள விமானத்தில், அதிர்வு தாங்கும் அடித்தளம் இல்லாமல் மாட்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். சான்றிதழ் விமானமானால் அந்த மாடலுக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எதை மாட்டினாலும், ஸ்விங் செய்த தேதியையும் கையெழுத்தையும் விலகல் அட்டையில் எழுதி, பழைய அட்டையைக் கிழித்துவிடுங்கள். இரண்டு அட்டைகள் ஒரே காக்பிட்டில் இருக்கக் கூடாது. பராமரிப்புப் பதிவேட்டிலும் குறித்துவிடுங்கள். அடுத்த இரண்டு வாரம், ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் கண்ணாடியின் மேல்விளிம்பை ஒருமுறை பாருங்கள். ஒளிந்திருந்த காற்று ஏதாவது மிச்சமிருந்தால் இந்தச் சமயத்தில்தான் கடுகளவுக் குமிழியாக மேலே வரும். அது மட்டும்தான் என்றால் சிரிஞ்சால் சில துளிகள் சேர்த்தால் போதும். நாளுக்கு நாள் வளர்ந்தால் கேஸ்கெட்டைத் திரும்பப் பாருங்கள்.